சிறுநீர்ப் போத்தலில் நாம் தேட மறந்தது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“என்னப்பா, மாத்திரையெல்லாம் ஒரு நாள் விடாமத்தான் சாப்பிடுறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி புதுசா ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தாங்க. இன்னைக்கு நீர்ல சீனி நாலு பிளஸ்னு எழுதியிருக்கு. விரல்ல குத்திப் பார்த்தா ஏழுதான் காட்டுது. எதை நம்புறது?”

அத்தை 30 வருடம் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களை இடித்த பிறகு, டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். எனக்கு மருத்துவ ஆய்வகத்தில் வேலை. அதனால் சொந்தத்தில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். புது மருந்தின் பெயரை அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். எம்பாகிளிஃப்ளோசின். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. இரத்தத்தில் மிஞ்சும் சீனியைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அந்த மருந்தின் வேலை. அதைச் சாப்பிடுகிறவரின் சிறுநீரில் சீனி நாலு பிளஸ் வந்தால், மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்று அர்த்தம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை இரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

அத்தை சமாதானமாகிவிட்டார். நான் அடுத்துக் கேட்டதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

“அல்புமின் எவ்வளவுன்னு எழுதியிருக்கு அத்தை?”

“அது என்னது? நான் சீனி மட்டும்தான் பார்த்தேன்.”

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. நம் ஊர்ப்பக்கம் சிறுநீர்ப் பரிசோதனை என்றாலே சீனி என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. இன்றைக்கு அந்தச் சின்னப் போத்தலில் சீனியைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டதா என்பதை உடம்பு சொல்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அது சொல்லிவிடும்.

சீனி என்று பதிந்துபோனதற்குக் காரணம் பெயர்தான். மலேசியத் தமிழர்கள் நீரிழிவு நோயை இனிப்புநீர் என்கிறோம். மலாய்க்காரர்கள் கென்சிங் மானிஸ் என்கிறார்கள், அதுவும் இதே பொருள்தான். பழைய சமஸ்கிருத மருத்துவ நூல்கள் மதுமேகம் என்றன, தேன் போன்ற சிறுநீர். எறும்பு மொய்க்கும் என்பதையும் கவனித்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1674-இல், நோயாளியின் சிறுநீர் தேன் கலந்ததுபோல் தித்திக்கிறது என்று எழுதினார். 1776-இல் மேத்யூ டாப்சன் என்பவர் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் மிஞ்சியது சீனிதான் என்று காட்டினார். இரத்தத்தை எளிதாக அளக்க வழியில்லாத காலம் அது. கையில் கிடைத்த ஒரே தடயம் சிறுநீர்.

தோட்டத்தில் அது இன்னும் நெடுநாள் நீடித்தது. என் அப்பா சிறுவனாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், சிறுநீர் பார்ப்பதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாராம். பரிசோதனைக் குழாயில் நீல நிறத்தில் பெனடிக்ட் கரைசல், 5 மில்லிலிட்டர் அளவு. அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் குழாயைச் சாய்த்துப் பிடித்துக் கொதிக்க வைப்பார். நீலம் அப்படியே இருந்தால் சீனி இல்லை. பச்சை வந்தால் கொஞ்சம், மஞ்சள் வந்தால் கூடுதல், ஆரஞ்சு வந்தால் அதைவிடக் கூடுதல். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் டிரசர் ஒன்றும் பேச மாட்டார், டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிடுவாராம். பெனடிக்ட் கரைசலுக்கு ஒரு குறை உண்டு. குளுக்கோஸ் மட்டும் இல்லாமல், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயின் சிறுநீரில் வரும் பால்சீனிக்கும் அது நிறம் மாறும்.

அந்தக் கொதிக்க வைக்கும் வேலையை முடித்து வைத்தவர்கள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எல்க்கார்ட் என்ற ஊரில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ என்ற வேதியியல் தம்பதியர். குளுக்கோஸைத் தவிர வேறு சீனியைத் தொடாத ஒரு என்சைமைக் காகிதத்தில் ஏற்றி, முக்கி எடுத்தால் நிறம் மாறும் பட்டையை உருவாக்கினார்கள். 1956-இல் கிளினிஸ்டிக்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று கிளினிக்கில் மிசி முக்கி எடுக்கும் பத்துக் கட்டம் வைத்த பட்டை அதன் வாரிசு.

சிறுநீரில் சீனி பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதில் இருக்கும் சீனி முழுவதையும் திரும்ப இழுத்துக்கொண்டு, கடைசியில் ஒன்று இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது. அந்த இழுக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் சீனி லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் மிச்சம் சிறுநீரில் ஒழுகும். ஆனால் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 7 இருந்தாலே அது இனிப்புநீர் நோய். ஆக, காலையில் எட்டும் ஒன்பதுமாக வருடக்கணக்கில் நோய் ஓடிக்கொண்டிருக்கும், சிறுநீர்ப் பட்டையில் ஒரு சொட்டு நிறமும் மாறாது. “நீர் பார்த்தாங்க, ஒன்னும் இல்லையாம்” என்று சந்தோஷமாக வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

சீனிக்கு இரத்தம் இருக்கிறது. சிறுநீரைப் பார்க்க வேண்டியது சிறுநீரகத்துக்காக.

வடிகட்டியில் விழும் ஓட்டை

அல்புமின் என்பது இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். நல்ல சிறுநீரகத்தின் வடிகட்டியில் அது கிட்டத்தட்ட நுழையவே நுழையாது. நுழையும் கொஞ்சத்தையும் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் சீனியும் இரத்த அழுத்தமும் அடித்துக்கொண்டே இருந்தால் வடிகட்டி தளர்கிறது, அல்புமின் ஒழுகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் உடம்பில் வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீர் நன்றாகத்தான் போகும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவைப் பார்த்தாலும் சரியாக இருக்கலாம். சிறுநீரகத்தின் சக்தியில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கு கிரியேட்டினின் ஏறவே ஆரம்பிக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கும் நேரத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று டயாலிசிஸ் நாற்காலி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும்.

நம் நாட்டுக் கணக்கைப் பார்த்தால் பயம் வருகிறது. 2011-இல் மேற்கு மலேசியாவில் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 9.07 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018-இல் அது 15.48 விழுக்காடு. அப்படி நோய் இருந்தவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் வெறும் 5 விழுக்காடு. இந்த ஐந்து என்ற எண்தான் என்னைத் தூங்கவிடாத எண். புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் முதல் காரணம் இனிப்புநீர். அந்த நோய் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினரிடமும், 2023 ஆய்வில் 15.6 விழுக்காட்டினரிடமும் இருந்தது. இரண்டு ஆய்விலும் இனவாரியாக முதலிடத்தில் இருப்பவர்கள் இந்தியர்கள்.

சரி, சாதாரணப் பட்டையிலேயே புரதத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அது போதாதா? போதாது. அந்தக் கட்டம் நிறம் மாற டெசிலிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை புரதம் வேண்டும். தொடக்கத்தில் ஒழுகுவது அதற்கும் கீழே இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். விடியற்காலை தோட்டத்தில் இறங்கி, பதினொரு மணி வரை குலை வெட்டி, வேர்த்து விறுவிறுத்து நேராகக் கிளினிக்குக்கு வருபவரின் சிறுநீர் கெட்டியாக, அடர் மஞ்சளாக இருக்கும். அதே மணிக்குக் குளிர்சாதன அறையில் மூன்று கிளாஸ் தே ஓ குடித்துவிட்டு வரும் கிராணியின் சிறுநீர் தண்ணீராக இருக்கும். இருவருக்கும் ஒரே அளவு அல்புமின் ஒழுகினாலும், பட்டை முதலாமவருக்கு ஒரு பிளஸும் இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை என்றும் காட்டும்.

இதற்குத்தான் அல்புமினை கிரியேட்டினினோடு வகுத்துப் பார்க்கிறார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ஒருவருக்கு அது நாளெல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளியேறும். சிறுநீர் கெட்டியானால் இரண்டும் சேர்ந்து கூடும், தண்ணீரானால் இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் மாறாது. ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் நல்லது. 3 முதல் 30 வரை ஆரம்ப ஒழுக்கு. 30-ஐத் தாண்டினால் ஒழுக்கு பெரிது. இனிப்புநீர் இருப்பவர்களில் இரண்டாம் வகைக்காரர்கள் (டைப் 2) நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடம் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும். இனிப்புநீர் உள்ள நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதான்.

ஒரு முறை கூடியிருந்தால் உடனே இடிந்துபோக வேண்டியதில்லை. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு, முதல் நாள் செய்த கடும் உடற்பயிற்சி எல்லாமே அல்புமினைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடியிருந்தால்தான் உறுதி. அப்படி உறுதியானாலும் கைகட்டி உட்காரும் நிலை இன்று இல்லை. பெரிண்டோபிரில், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் வடிகட்டியின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்து ஒழுக்கைக் குறைக்கின்றன. அத்தையைப் பயமுறுத்திய அதே எம்பாகிளிஃப்ளோசினும் சிறுநீரகம் கெட்டுப்போகும் வேகத்தைக் குறைக்கும் மருந்துதான். ஆரம்பத்தில் பிடித்தால் எவ்வளவோ செய்யலாம்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தப் புரதக் கட்டம் நம் ஊரில் நன்றாகப் பழக்கம். பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் அல்புமினும் சீனியும் பார்த்து எழுதுவார்கள். 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மகளுக்காக அந்தக் கட்டத்தை விரல் வைத்துப் பார்க்கும் அம்மாக்கள் தங்கள் சொந்தப் புத்தகத்தில் அதே கட்டத்தைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

போத்தலுக்குள் போவதற்கு முன்னால்

சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, குறைவு பார்ப்பது நீர்க்குறி. அதன் மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெயை விட்டு, கலக்காமல் வெயிலில் வைத்துப் பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். இன்றைய வேதியியல் வேறு வழியில் போய்விட்டது. ஆனால் அந்த வைத்தியர்கள் குறி சொல்வதற்கு முன்னால் வைத்த நிபந்தனைகளைப் படிக்கும்போது ஆய்வகக்காரனான எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முதல் நாள் அளவோடு, வேளையோடு சாப்பிட்டிருக்க வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டும். விடியற்காலை நீராக இருக்க வேண்டும். கண்ணாடிக் கலத்தில் பிடித்திருக்க வேண்டும். தாமதிக்காமல் பார்க்க வேண்டும். இன்றைக்கும் தவறான ரிப்போர்ட்டுகளில் பெரும்பகுதி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால்தான் தவறாகின்றன.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாட்டி உயிரோடு இருந்தபோது ஒருமுறை கிளினிக்கில் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவருக்குச் சுத்தம் முக்கியம். ஒரு பழைய பழச்சாற்றுப் போத்தலைத் தேடி எடுத்து, துணி வெளுக்கும் பிளீச் ஊற்றிக் குலுக்கி, கவிழ்த்துக் காயவைத்து, அதில் பிடித்துக்கொண்டு போனார். பட்டையில் சீனி இரண்டு பிளஸ், இரத்தம் இரண்டு பிளஸ். வீட்டில் எல்லோரும் பதறிவிட்டோம். விரலில் குத்திப் பார்த்தால் சீனி நன்றாக இருந்தது. கிளினிக்கில் புதுப் போத்தல் கொடுத்து மறுபடி எடுத்தபோது இரண்டும் இல்லை. சீனிக் கட்டமும் இரத்தக் கட்டமும் ஆக்சிஜனேற்றத்தால் நிறம் மாறுபவை. போத்தலில் ஒட்டியிருந்த பிளீச் அந்த வேலையைத் தானே செய்துவிட்டது. வைட்டமின் சி இதற்கு நேர்மாறு. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையைத் தினமும் குடிப்பவருக்கு, உண்மையிலேயே இருக்கும் இரத்தத்தையும் சீனியையும் பட்டை காட்டாமல் விட்டுவிடலாம். மருந்துப் பட்டியல் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் நேரம். நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் மூன்று மணி நேரம் கிடந்த சிறுநீர், பிடித்தபோது இருந்த சிறுநீர் இல்லை. கிருமி வளர வசதியான சூட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, மூன்று மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். அந்தக் கிருமிகள் சீனி இருந்தால் தின்றுவிடும். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அமிலமாக இருந்த சிறுநீர் காரமாகும், அதில் இரத்த அணுக்கள் கரையும். பித்தத்தின் நிறப்பொருளான பிலிருபின் வெளிச்சம் பட்டே அழிந்துவிடும். பிடித்து ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டு போவதென்றால் ஒரு சின்ன ஐஸ் பொட்டலத்தோடு பைக்குள் வையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பிடிக்கும் முறையும் உண்டு. முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும். முதலில் வருவது வழியில் இருக்கும் கிருமியையும் தோல் செல்களையும் அடித்துக்கொண்டு வரும். பெண்கள் முன்னாலிருந்து பின்னாகத் தண்ணீரால் துடைத்துவிட்டுப் பிடிப்பது நல்லது. இதைக் கிளினிக்கில் யாரும் நின்று விளக்க நேரமிருப்பதில்லை. “நீர் புடிச்சிட்டு வாங்க” என்று போத்தலை நீட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

பட்டையும் கண்ணாடிச் சில்லும்

பட்டையை முக்கி எடுத்த பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. சீனி 30 விநாடி. கீட்டோன் 40. இரத்தம், புரதம், நைட்ரைட் 60. வெள்ளணுக் கட்டத்துக்கு முழுதாக இரண்டு நிமிடம். முக்கியவுடனே பார்த்து எழுதினால் வெள்ளணு இல்லாததுபோல் தெரியும். ஐந்து நிமிடம் மறந்துவிட்டுப் பார்த்தால் எல்லாமே இருப்பதுபோல் தெரியும்.

நீர்க்கடுப்புக்கு நைட்ரைட் கட்டம் முக்கியம். ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீரில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், ஆனால் அதற்குச் சிறுநீர்ப்பையில் நான்கு மணி நேரமாவது சிறுநீர் தங்க வேண்டும். கடுப்பு வந்தவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழிவறைக்கு ஓடுகிறார், அவருக்கு நைட்ரைட் சேர நேரமே இருக்காது. சில கிருமிகள் இந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை. அதனால் நைட்ரைட் இல்லை என்பதால் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரத்தக் கட்டம் ஒரு புதிர்க் கட்டம். அதற்கு முழுச் செவ்வணுவும், உடைந்த அணுவிலிருந்து வந்த ஹீமோகுளோபினும், தசை சிதைந்தால் வரும் மயோகுளோபினும் ஒன்றுதான். உச்சி வெயிலில் பழக்கமில்லாத கடும் வேலை செய்து விழுந்தவரின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், இரத்தக் கட்டம் கரும்பச்சையாகும், ஆனால் நுண்ணோக்கியில் ஒரு செவ்வணுகூட இருக்காது. அது தசை சிதைந்ததன் அடையாளம், சிறுநீரகத்தை ஒரே நாளில் அடைத்துவிடக்கூடியது.

இந்த மாதிரி நேரத்தில் பட்டையை வைத்துவிட்டு நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். எனக்கு இந்த வேலையில் இன்றும் பிடித்த பகுதி இதுதான். சுமார் 10 மில்லிலிட்டர் சிறுநீரைக் குழாயில் ஊற்றி ஐந்து நிமிடம் சுழற்றினால் கனமானவை அடியில் படியும். மேலே உள்ளதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய அரை மில்லிலிட்டரைக் கலக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு மெல்லிய மூடியைப் போடுவோம். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். நிறைய வெளிச்சம் போட்டால் பார்க்க வேண்டியது மறைந்துவிடும்.

பார்க்க வேண்டியது என்று நான் சொல்வது குழாய் வார்ப்புகளை. புட்டுக் குழாயிலிருந்து தள்ளிய புட்டு எப்படிக் குழாயின் வடிவத்திலேயே வருகிறதோ, அப்படிச் சிறுநீரகத்தின் நுண்குழாயில் ஒரு புரதம் உறைந்து, அந்தக் குழாயின் வடிவத்திலேயே சிறுநீரில் இறங்கும். ஒன்றும் ஒட்டாமல் தெளிவாக வந்தால், ஓடியாடி வேலை செய்தவருக்கும் வரும், பயமில்லை. ஆனால் புட்டு மாவில் தேங்காய்ப்பூ சேர்ந்து வருவதுபோல், செவ்வணுக்கள் அதில் சிக்கி வந்தால் இரத்தம் கசிவது சிறுநீர்ப்பையிலோ கல்லிலோ இல்லை, சிறுநீரகத்தின் உள்ளேயே என்று தெரிந்துவிடும். இரத்தக் கட்டம் பிளஸ் என்று மட்டும் சொல்லும், எங்கிருந்து என்று சொல்வது இந்த வார்ப்பு. வெயிலில் கிடந்து காரமாகிப்போன சிறுநீரில் அது கரைந்துவிடும், சாட்சி காணாமல் போய்விடும்.

படிகங்களும் தெரியும். கால்சியம் ஆக்சலேட் கடித உறையின் பின்பக்கம்போல் நடுவில் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டு மின்னும். தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் உழைப்பவர்களுக்கு கல் வரக் காரணமானவற்றில் இது முதன்மையானது. ஆக்சலேட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழத்தில் ஆக்சலேட் அதிகம், அதோடு கேராம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு அந்த நச்சை வெளியேற்ற முடியாது. விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். டயாலிசிஸ் செய்கிறவர் வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறுநீரைத் தவிர மற்ற உடல் நீர்கள் இதே கண்ணாடிச் சில்லுக்கு வருவது அபூர்வம், வந்தால் அவசரம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர் பச்சைத் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும், சீனி இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். சீனி சரிந்து வெள்ளணு நிறைந்து கலங்கி வந்தால் மூளைக்காய்ச்சல், நாங்கள் நடந்து போகாமல் ஓடிப்போய்ச் சொல்வோம். நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரில் புரதமும் எல்டிஎச் என்ற என்சைமும் இரத்தத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு என்று பார்க்கிறோம். 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல் அது. இதயம் தளர்ந்து தேங்கியதா, காசநோய் போன்ற நோயால் கசிந்ததா என்று பிரித்துக் காட்டும். வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரில் ஊசி ஊசியாக யூரிக் அமில உப்பு மின்னினால் அது கௌட் வாதம்.

நம் தோட்டப்புறத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மலாயில் கென்சிங் தீக்குஸ், அதாவது எலி மூத்திரம் என்றே பெயர் வாங்கிய எலிக்காய்ச்சல். இங்கே நோயைக் கொண்டுவருவது எலியின் சிறுநீர். செம்பனைத் தோட்டத்தில் பழத்துக்காக வரும் எலிகள் விட்ட சிறுநீர் ஈர மண்ணிலும் வாய்க்காலிலும் கலந்து, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். 2010 டிசம்பரிலிருந்து மலேசியாவில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அது இருக்கிறது. முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில்தான் இருக்கும், சிறுநீரில் வருவது அதற்குப் பிறகு. ஆக, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்த மூன்றாம் நாளில் சிறுநீரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. தோட்டத்தில் வேலை செய்கிறேன், தண்ணீரில் இறங்கினேன் என்பதை டாக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். பட்டை அதைச் சொல்லாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், மருந்தின் நிறம்தான், நிறுத்திவிடாதீர்கள். கடுந்தேநீர் நிறத்தில் போய், குலுக்கினால் நுரையும் மஞ்சளாக இருந்தால் பித்தம் கலந்திருக்கிறது. நிறம் சரியாக இருந்து, நுரை மட்டும் கழிவறையில் சோப்புத் தண்ணீர்போல் அடங்காமல் தினமும் நின்றால் புரதம் ஒழுகுவதாக இருக்கலாம்.

அத்தை மறு வாரம் மறுபடியும் கிளினிக்குக்குப் போனார். போவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று போனில் சொல்லிக் கொடுத்தேன். “சிறுநீரில் அல்புமினும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்க முடியுமா டாக்டர்?” இவ்வளவுதான். விடியற்காலை எழுந்ததும், நடுவில் வருவதை, கிளினிக் கொடுத்த போத்தலில் பிடித்தார். மகன் வேலைக்குப் போகும் வழியில் ஏழரை மணிக்கெல்லாம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். முடிவு 5.8. மூன்றைத் தாண்டிவிட்டது, முப்பதுக்கு வெகு தூரம் இருக்கிறது. டாக்டர் இரத்த அழுத்த மாத்திரையைப் பெரிண்டோபிரிலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது போத்தல் இன்னும் ஆறு வாரத்தில்.